பாதி ஒட்டிய மீசை

எங்கள் நாடகக் குழுவில் பதினோரு வருஷம் மேக்கப் போட்ட ஒருவரை ஒரே நாளில் வெளியே அனுப்பினோம். ‘அனுப்பினோம்’ என்று எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. பாரத்தை இருபது பேர் தலையில் பிரித்துப் போட்டுவிடலாம். இனி வரவேண்டாம் என்று சொன்னவர் இயக்குநர். சுற்றி நின்று தலையாட்டியவர்கள் மற்றவர்கள். ஆனால் அந்த மேக்கப்காரர் செய்தார் என்று சொல்லப்பட்ட காரியத்தைச் செய்தவள் நான். அதை வாய் திறந்து சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

நான் கிணத்துக்கடவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கு ஒத்திகைக்குப் போய்விடுவேன். நடிப்பு எனக்கு வராது. ஒரே ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரியாக மேடை ஏறி, எனக்கிருந்த இரண்டு வரியையும் ஒரு நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து சாமான் பொறுப்பு என்னுடையது. தடி, துண்டு, செம்பு, கயிறு என்று எந்தக் காட்சிக்கு யார் கையில் எது இருக்கவேண்டும் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். மேடையில் நிற்பவர்களைவிடத் திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத்தான் நாடகப் பைத்தியம் அதிகம் என்பது என் கட்சி. ஒரு கைதட்டல்கூட வாங்காமல் வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறோமே.

எங்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக ஒருத்தி வந்தாள். இருபத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் மாமனார் வீடு. கணவன் பெருந்துறையில் கம்பெனி வேலை, மாதம் இரண்டு முறை வந்து போவான். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் எங்கள் ஹெட்மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டினால், புரையேறாமல் யாரும் சாப்பிட்டு முடிக்க முடியாது. ‘நீ இங்கே இருக்கவேண்டியவள் இல்லை’ என்று அவளைக் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தான்.

அப்போது நாங்கள் எடுத்திருந்த நாடகம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நடக்கிற கதை. அதில் தரகர் வேஷம்தான் முக்கியம். அதற்கு இருந்தவருக்குத் திடீரென்று வெளியூர் மாற்றல் வந்துவிட்டது. ஆள் கிடைக்காமல் இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, “நான் பண்ணிப் பாக்கட்டுங்களா?” என்று அவள் எழுந்தாள். ஒரு துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அரை மூடிய கண்ணோடு அறையைச் சுற்றி இரண்டு நடை நடந்தாள். பிறகு இயக்குநரின் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலை அழுத்தி விலை பேசினாள். சந்தையில் அப்படித்தான் பேசுவார்கள், விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. இயக்குநர் மாட்டை விற்றுவிட்டவர் போல விழித்தார்.

“எங்க மாமாவைப் பாத்துப் பழகினதுங்க அக்கா. அவரு அந்தக் காலத்துல சந்தைக்குப் போயி மாடு புடிச்சவருங்க” என்றாள் என்னிடம். மாமா என்றது மாமனாரை.

வீட்டுக்குச் சொல்லவில்லை. கணவனுக்கு மட்டும் தெரியும். “பாத்துப் பண்ணிக்க, எனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே” என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். பெரிய தோட்டக்கார வீடு, மருமகள் வேஷம் கட்டுகிறாள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளியில் வினாத்தாள் தயாரிக்கும் வேலை என்று ஒரு பொய். அந்தப் பொய்க்குச் சாட்சி நான். “நானுங் கூடத்தான் இருக்கறேனுங்க அம்மா, பத்திரமா அனுப்பி வெக்கறேன்” என்று மாமியாரிடம் போனில் கூசாமல் சொல்வேன்.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. “நாடகம் முடியட்டுங்க அக்கா. திங்கக்கெழமை காலைல மாமா காப்பி குடிக்கறப்ப நானே சொல்லிப்போடுவேன். உங்களைத்தான் நடிச்சுட்டு வந்தேன் மாமான்னு நடந்து காட்டுவேன். அவரு சிரிச்சுப்போடுவாருங்க. அவரு சிரிச்சா அத்தை ஒண்ணும் பேசமாட்டாங்க. ஆனா அதை நாந்தான் சொல்லோணும். வேற ஆராச்சும் சொல்லித் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க.” ஒத்திகைக்கு ஒத்திகை இதைச் சொல்வாள். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

இனி மேக்கப்காரர். பொள்ளாச்சி போகும் வழியில் சின்னதாக ஒரு கல்யாண மேக்கப் கடை வைத்திருந்தார். எங்கள் சாதி ஆட்களின் தோட்டங்களில் தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. அவர்தான் அதிலிருந்து முதலில் வேறு வேலைக்கு வந்தவர். யார் முகத்தில் கை வைப்பதானாலும் முதலில் “தொடட்டுங்களா?” என்று கேட்பார். பதினோரு வருஷத்தில் எங்களில் ஒருவரும் அதை விநோதமாக நினைக்கவில்லை. நல்ல பழக்கம் என்றுகூடப் பாராட்டியிருக்கிறோம்.

அவருக்கு இன்னொரு பழக்கம், போட்டு முடித்த முகத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். கடைக்கு வரும் கல்யாண வீட்டாருக்குக் காட்ட. இந்த நாடகத்தில் மட்டும் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். “என் போனு பையை விட்டு வெளிய வராதுங்க அம்மணி” என்றார். வரவும் இல்லை.

நாடகம் ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு. மதியமே அரங்குக்குப் போய்விட்டோம். அந்த மதியங்களைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. பவுடர் வாசனை, வியர்வை, கற்பூரம், யாரோ கொண்டுவந்த தக்காளிச் சாதம் எல்லாம் ஒன்றாக மணக்கும். ஒருவர் சுவரைப் பார்த்து வசனம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவர் நாலாவது முறை பாத்ரூம் போவார். என் கயிற்றை எவனோ எடுத்து வேட்டிக்கு அரைஞாண் போலக் கட்டியிருப்பான், நான் கத்திக்கொண்டே துரத்துவேன். இன்னும் முக்கால் மணி நேரம், இன்னும் அரை மணி நேரம் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் நோட்டை மறுபடி முதலிலிருந்து சரிபார்ப்பேன். நான் மேடைக்கே போகப்போவதில்லை, எனக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று யாரும் கேட்கக்கூடாது.

அவளைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்திருந்தார் மேக்கப்காரர். மாமனார் இளவயதில் எடுத்துக்கொண்ட படம் அவள் போனில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மீசை வெட்டினார். அவர் மீசையை ஒரே துண்டாக ஒட்ட மாட்டார், நடுவில் இடைவெளி விட்டு இரண்டு பாதியாகத்தான் ஒட்டுவார். இடது பாதி ஒட்டி முடிந்திருந்தது. நான் தடியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கண்ணாடியில் ஒரு பக்கம் எங்கள் கணக்கு டீச்சர். மறுபக்கம் கொம்பு சீவிய காளையை விலை பேச வந்த தரகர். இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

எனக்கு ஒரே பரவசம். எடுக்கக்கூடாது என்று தெரியும். தெரிந்தே எடுத்தேன். அவள் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திய நேரம் பார்த்து, தோளுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு படம். எடுத்ததோடு விட்டேனா? பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். ‘எங்க டீச்சரைப் பாரு! ஆருக்கும் காட்டாதே’ என்று எழுதியும் அனுப்பினேன். அப்படி எழுதினால் முதலில் என்ன நடக்கும் என்று தெரியாத வயதா எனக்கு?

கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இருக்கிற தூரத்தை நம்பினேன். எங்கள் ஆட்களில் வேறு யார் இப்படி நம்பியிருந்தாலும் நான் சிரித்திருப்பேன். இந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாம் நிமிஷம் யாருக்கு யார் என்ன சொந்தம் என்று ஒறம்பரை முறை கண்டுபிடித்துவிடுவார்கள். என் தங்கை ஒருத்திக்குத்தான் அனுப்பினாள். அந்த ஒருத்தி, கணக்கு டீச்சருடைய மாமியாரின் அக்கா மகள்.

திரைக்குப் பின்னால் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். நாடகம் தொடங்குவதற்கான மூன்றாவது மணியும் அடித்தது. முதல் பாதி முடிந்து இடைவேளையில் என் போனைப் பார்த்தேன். தங்கையிடமிருந்து ஆறு அழைப்பு, பிறகு ஒரு செய்தி: ‘அக்கா, ஒரு தப்பு ஆகிப்போச்சு. அவங்க மாமியார் கைக்குப் படம் போயிருச்சு. எந்த அரங்குன்னும் தெரிஞ்சுக்கிட்டாங்களாம்.’

அவள் எனக்கு நாலடி தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் இருந்தது. அவள் வெளியே ஓடிப்போய் மாமனாருக்கு ஒரு போன் போட்டு, ‘நானே சொல்லறேன் மாமா’ என்று ஆரம்பித்திருக்கலாம். நடிக்கிறவள் மனதைக் கலைக்கக்கூடாது, நாடகம் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எப்படி வெளியே போனது என்று அவள் கேட்பாளே என்ற பயம்தான். துண்டை மடித்து அவள் தோளில் போட்டு, “போயிட்டு வா கண்ணு” என்று அனுப்பினேன்.

இரண்டாம் பாதியில் அவள் நடித்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் கேட்டது. துண்டுக்கு அடியில் விலை பேசும் இடத்தில் விசில் பறந்தது. திரையோரம் விலக்கிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி, அவள் மாமனாரும் மாமியாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாடகம் முடிந்ததும் நேராக ஒப்பனை அறைக்கு வந்துவிட்டார்கள். அவள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்போடு திரும்பினாள். மாமனார் வாசற்படியில் நின்று அவளையே பார்த்தார். அவருடைய மீசை, அவருடைய துண்டு. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. “மூஞ்சியக் கழுவீட்டு வா அம்மணி, போலாம்” என்றார். அவ்வளவுதான்.

மாமியார் என்னைப் பார்த்து, “நீங்க டீச்சரு. நீங்க சொன்னாப் பொய்யா இருக்குமான்னு நம்புனனுங்க” என்றார். அந்த நிலையிலும் மரியாதைக்கு ‘ங்க’ போட்டார்.

அவள் குழாயடியில் முகத்தைப் போட்டுத் தேய்த்தாள். அந்தப் பசை தண்ணீருக்கு வராது. மேக்கப்காரர் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, “எண்ணெய் போட்டுத்தான் எடுக்கோணுமுங்க, தோலு போயிரும். தொடட்டுங்களா?” என்றார். “நீ தள்ளி நில்லு” என்றார் மாமியார். மேக்கப்காரருக்கு ‘ங்க’ இல்லை. எண்ணெயை வாங்கிக்கொண்டு நான் போயிருக்கலாம். போகவில்லை. அவள் தானாகவே பிய்த்து எடுத்தாள். மேலுதடு சிவந்துபோய்க் காரில் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை அறையில் கூடினோம். படம் எப்படிப் போனது என்பதுதான் பேச்சு. கை மாறி மாறிப் போயிருந்ததால் யார் அனுப்பியது என்று அதில் தெரியவில்லை; என் தங்கை கெஞ்சியிருந்ததால் அந்த அக்கா மகளும் பெயரைச் சொல்லவில்லை. “இங்கே மேக்கப் ரூம்ல படம் எடுக்கறவரு ஒருத்தருதானே” என்றார் இயக்குநர். எல்லோரும் மேக்கப்காரரைப் பார்த்தார்கள். “நான் எடுக்கலீங்க” என்றார் அவர். யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. வேறு யாராவது எடுத்திருக்கலாமே என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, அந்த நிமிஷத்தில் அது எனக்கு உதவியாகவும் இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் வேறு எதையும் சொல்ல முடியாது.

நான் படம் எடுத்ததை அவர் பார்த்தாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவருடைய இரண்டு கைகளும் தெரிந்தன. ஒரு கை அவள் தாடையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை மீசையை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையும் அங்கே இருக்கும்போது எந்தக் கையால் அவர் படம் எடுத்திருக்க முடியும்? ஊரெல்லாம் சுற்றிய படம் அது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் மீசையைத்தான் பார்த்தார்கள். என் போனிலிருந்து அதை அழித்தேன். தங்கையையும் அழிக்கச் சொன்னேன். அவருக்காக நான் எடுத்து நீட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அதுதான் என்று தெரிந்தேதான் அழித்தேன்.

கணக்கு டீச்சர் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். நாடகத்துக்கு வரவில்லை. ஹெட்மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டுவதும் நின்றது. “மாமா எங்கிட்டப் பேசறதில்லீங்க அக்கா. திட்டுனாக்கூடப் பரவால்லீங்க” என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள் தானாகவே சொன்னாள், “அந்த மேக்கப்காரரு கடைக்குப் போயி நல்லாக் கேட்டுப்போட்டு வந்தனுங்க. அவரு சம்சாரம், கல்யாணப் பொண்ணு எல்லாரும் இருந்தாங்க. சோறு போட்ட குழுவுக்கே துரோகம் பண்ணுனீங்களேன்னு கேட்டேன். ஒண்ணும் பேசலைங்க.” நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்திக்கொண்டே இருந்தேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. புதிய நாடகத்துக்குப் புது மேக்கப் ஆள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எல்லோரையும் வெளுக்க வைத்தான். இயக்குநர் பெருமூச்சு விட்டு, “அந்த ஆளு கை வருமா? என்ன பண்றது, நம்ப முடியாத ஆளாப் போயிட்டாரே” என்றார். அந்த வார்த்தையை அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாளே அவர் கடைக்குப் போனேன்.

கடையில் அவர் மட்டும் இருந்தார். உட்காரச் சொல்லி, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அழுதேன். அழுதது அவருக்குச் சங்கடமாக இருந்ததா, எனக்குச் சௌகரியமாக இருந்ததா, தெரியாது.

“தெரியுமுங்க. கண்ணாடில பாத்தேன்” என்றார்.

“அப்ப ஏனுங்க அன்னைக்கே சொல்லலை?”

“சொல்லி? நீங்க இல்லைன்னு சொன்னா நான் எங்கீங்க போறது?” பிரஷ்ஷை எடுத்துத் துணியில் துடைத்தார். பிறகு கேட்டார், “அம்மணிகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் எடுக்கலைங்கறது எனக்கு மொதல்லயே தெரியுமுங்களே.”

குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க வேலை இல்லை.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் அவளிடம் சொன்னேன். மாமனார் பேசாமல் போனதற்காக என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “அவரு சம்சாரம் முன்னாடி வெச்சு அவரைப் பேசிப்போட்டனே” என்றாள். அதையே இரண்டு மூன்று முறை சொன்னாள். பிறகு என் மேஜைக்கு எதிரே வந்து நின்று, “எங்கிட்டச் சொன்னதைக் குழு குரூப்புல போடுங்க மேடம். இப்பவே” என்றாள். அதுவரை அவளுக்கு நான் அக்கா.

அவள் பார்க்கவே எழுதினேன். அந்தப் படத்தை எடுத்து வெளியே அனுப்பியது நான், மேக்கப்காரர் இல்லை, அவரை நாம் அனுப்பியது தவறு, என்னை மன்னியுங்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல அடையாளம் காட்டியது. ஒருவர் கும்பிடும் கை ஒன்று போட்டார். இயக்குநர் தனியாக, ‘இப்ப எதுக்குங்க மேடம் பழசைக் கிளறிக்கிட்டு’ என்று அனுப்பினார். பத்து நிமிஷம் கழித்து யாரோ, வரும் ஞாயிறு ஒத்திகை பத்து மணிக்கு என்று குரூப்பில் எழுதினார்கள். அதற்கு உடனே பதினைந்து பேர் சரி என்றார்கள்.

அவள் என் போனைக் கையில் வாங்கி, பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். “அவரு இதுல இல்லீங்களே” என்றாள்.

இல்லைதான். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கிய அந்த ஞாயிறே, “அவர் பேரை எடுத்துருங்க மேடம்” என்று இயக்குநர் என்னிடம் சொல்லியிருந்தார். குரூப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையதுதான். அவர் தெருமுனையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டார், நான் நீக்கிவிட்டேன்.